நம்ம ஊர் இங்கிலீஷ்

எங்கள் ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனியின் தகவல்களை யாரோ திருடிவிட்டார்கள் என்று மெயில் வந்த வாரம், டெக்சாஸில் நாங்கள் இருக்கும் காப்பெல் ஊரில் என்னைவிட உஷாரான ஆள் கிடையாது. பெயர், பிறந்த தேதி, மெம்பர் நம்பர், எந்த டாக்டரைப் பார்த்தோம் என்பதுவரை போய்விட்டதாம். பாஸ்வேர்டுகளை மாற்றினேன். எங்கள் பெயரில் வேறு யாரும் கடன் வாங்க முடியாதபடி கிரெடிட்டைப் பூட்டினேன். அதோடு நின்றிருக்கலாம். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடும் பாட்லக் விருந்தில், நண்பர் வீட்டில், சாம்பார் சாதத் தட்டோடு நின்று வகுப்பே எடுத்தேன்.

"யார் கூப்பிட்டாலும் ஒண்ணும் சொல்லாதீங்க. கட் பண்ணிட்டு, அவங்க ஆபீஸ் நம்பரைத் தேடி எடுத்து நீங்களே கால் பண்ணிக் கேளுங்க. நம்ம ஊர் இங்கிலீஷ்ல பேசினா யோசிக்கவே வேண்டாம், ஃப்ராடுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த அத்தனை பேரும், நான் உட்பட, பகல் முழுக்க அதே இங்கிலீஷில் மீட்டிங் பேசிப் பிழைப்பவர்கள். அது அப்போது உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் என் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி தென்பட்டு, கேன்சரா என்று பார்க்க பயாப்சி எடுத்திருந்தார்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருந்தோம். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள்பாட்டுக்கு அலமாரிகளைக் கலைத்துத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆபீஸிலிருந்து வரும் வழியில் போன் வந்தது. ஸ்கூலோ டாக்டரோ, எங்கள் வீட்டில் எல்லா இடத்திலும் கொடுத்திருப்பது என் நம்பர்தான். நம் குடும்பங்களில் அதுதானே வழக்கம். பேசியது ஒரு பெண். கிளினிக்கிலிருந்து கூப்பிடுவதாகச் சொல்லி, என் மனைவியின் பெயரையும் சொல்லி, பிறந்த தேதியைக் கேட்டாள். அந்த ஒரு இங்கிலீஷ் வாக்கியத்திலேயே தமிழ்ப் பெண் என்று தெரிந்துவிட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எந்த ஊர்ல உக்காந்து பேசறே நீ? நோயாளிங்களை ஏமாத்திச் சம்பாதிக்கிறது உங்க அப்பா அம்மாவுக்குத் தெரியுமா?" என்று தமிழிலேயே கத்தினேன்.

"சார், நான் கிளினிக் நர்ஸ்தான் சார்..." என்று அவள் ஆரம்பித்ததும் கட் பண்ணி, அந்த நம்பரை பிளாக்கும் பண்ணினேன்.

வீட்டுக்கு வந்து இதைப் பெரிய சாதனைபோலச் சொன்னேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்த மனைவி திரும்பினாள்.

"நீங்க கிளினிக்குக்குத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

ஊருக்கெல்லாம் சொன்ன அந்தப் பாதியை நான் செய்யவே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவளே கூப்பிட்டாள். மூடிவிட்டார்கள், இனி திங்கட்கிழமைதான் என்றது பதிவு செய்த குரல். வெப்சைட்டிலும் ரிசல்ட் ஏறவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சனிக்கிழமை மகளுக்குப் போட்ட சடையை அவள் அவிழ்த்து அவிழ்த்துத் திரும்பப் பின்னுவதைப் பார்த்தேன். பக்கத்தில் போய் உட்கார முகமில்லாமல், சுத்தமாக இருந்த காரைக் கழுவப் போனேன்.

திங்கட்கிழமை கிளினிக் திறக்கும்போதே வாசலில் நின்றோம். நீலச் சீருடையில் ஒரு பெண் கதவைத் திறந்து என் மனைவியின் பெயரைச் சொல்லி அழைத்தாள். அதே குரல். உள்ளே உட்காரவைத்து, முதல் வேலையாகத் தமிழில் சொன்னாள்: "ஒண்ணும் இல்லக்கா. சாதாரணக் கட்டிதான், கேன்சர் இல்ல. மத்ததை டாக்டர் வந்து சொல்வாங்க."

என் மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான், சாரிம்மா, இந்த இன்சூரன்ஸ் திருட்டு நடந்ததால்தான் என்று இழுத்தேன்.

"பரவாயில்ல சார். வெள்ளைக்காரங்க புரியலைன்னா திரும்பச் சொல்லச் சொல்வாங்க. திட்டுறது நம்ம ஆளுங்கதான்" என்றாள். அதில் கோபமே இல்லை. எனக்குக் காது சுட்டது.

அப்புறம் என் மனைவியிடம் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை என் ஷிஃப்ட் முடிஞ்சு கிளம்பும்போதுதாங்க்கா ரிசல்ட் வந்துச்சு. நல்ல சேதியா இருந்துச்சு, சொல்லலாமான்னு டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். சனி ஞாயிறெல்லாம் நீங்க பயந்துட்டு இருக்கக் கூடாதேன்னுதான் நின்னு கூப்பிட்டேன்."

என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து என் பக்கம் திரும்புவாள், ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் திரும்பவில்லை.