மொட்டை மாடியில் என்ன செடி?

வெயில் தொடங்கிய புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து ஜோகுபாளையம் வீட்டுக்குத் திரும்பி, செருப்பைக் கூடக் கழற்றவில்லை... மேல் ரூமில் குடியிருக்கும் நவீன் வந்து நின்றான். வேலூர்ப் பையன். ஐ.டி. வேலை. அதிர்ந்து பேசமாட்டான்.

"அங்கிள், சம்மர்ல மொட்டை மாடி சும்மாதானே கெடக்கு? கொஞ்சம் செடி வெக்கலாம்னு பாக்கறேன்."

எனக்குச் சந்தோஷம். லேப்டாப்பை விட்டுத் தலை நிமிர்கிற பையன்களே குறைவு. "தாராளமா வைப்பா. தக்காளியா, கீரையா?"

"இல்ல அங்கிள், வேற ஒண்ணு. ஃபர்ஸ்ட் டைம் ட்ரை பண்றேன்."

வேற ஒண்ணு என்றால்? சிரித்தான். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் விட்டிருப்பேன். அடுத்தடுத்துக் கேட்டான்: பக்கத்துக் கட்டடத்திலிருந்து பார்த்தால் நம் மாடி தெரியுமா? சுற்றிலும் பச்சை நெட் கட்டலாமா? மாடிக் கதவைப் பூட்டி வைக்கலாமா? கடைசியாக — "கொஞ்சம் ஸ்மெல் வரும் அங்கிள், பரவால்லையா?"

மல்லிகை வைக்கிறவன் எவனாவது வாசனைக்கு முன்கூட்டியே பர்மிஷன் கேட்பானா?

மதியம் மொபைலில் தேடினேன். பூட்டு, மறைப்பு, வாடை — மூன்றும் தேவைப்படும் செடி எதுவென்று மொபைலுக்குத் தெரிந்திருந்தது. விரல் விரலாக விரிந்த இலை. போலீஸ் வந்தால் முதலில் யாரைத் தேடும்? வீட்டு ஓனரை. அப்பா கட்டிய வீடு இது. இந்தத் தெருவில் எனக்கு இருக்கும் மரியாதை எல்லாம் இந்த வீட்டை ஒட்டித்தான். பையன் கதி அதைவிட மோசம். வேலை போகும், கோர்ட்டுக்கு அலைந்தே இளமை போகும்.

இந்தக் கவலையில் நான் இருக்க, மனைவி ஸ்டெல்லா ஏதோ பார்க்க என் மொபைலை எடுத்தாள்.

"ஏங்க, கஞ்சாச் செடி எப்படி இருக்கும்னு எதுக்குத் தேடியிருக்கீங்க?"

"மேல இருக்கானே நவீன், அவனாலதான்."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் அடுத்தவன் பேரத்தான் சொல்லுவாங்க."

அவளை நம்பவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. நம்பியதும் பையனை நேராகவே கேட்டுவிடலாம் என்றேன்.

"கேட்டு, இல்லன்னு சொல்லிட்டா? அப்புறம் தெனம் எப்படி மூஞ்சியப் பாக்கறது?"

நியாயம்தான். நேராகக் கேட்கிற பழக்கம் நமக்கு ஏது?

மறுநாள் காலை ஸ்டெல்லா பெரிய பாத்திரத்தில் கூழ் கிண்டி, மாடிக்கு எடுத்துப் போய் வற்றல் பிழிந்தாள். அதோடு நிற்கவில்லை. எங்கள் மாடியில் நல்ல வெயில் என்று தெருப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டாள். எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா சண்டிகே, அதாவது அவர்கள் வீட்டு வற்றல், கொண்டுவந்தார். அதன்பிறகு மாடியில் கால் வைக்க இடமில்லை — எங்கே பார்த்தாலும் பழைய வேட்டி, அதன்மேல் வற்றல். காக்காய் விரட்ட முறைபோட்டு ஆள் வேறு. நவீன் காலிச் செடிப் பைகளோடு வந்து எட்டிப் பார்ப்பான். போய்விடுவான்.

"ஆன்ட்டி, இது எப்ப முடியும்?"

"மழ வர்ற வரைக்கும்பா."

அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஒருநாள் சாயங்காலம் டீ கொடுத்து உட்காரவைத்தேன். "தம்பி, நீ என்ன செடி வெக்கப் போறேன்னு நான் கேக்கல. ஆனா போலீஸ் வந்தா மொதல்ல என்னக் கூப்பிடுவாங்க. அடுத்த போன் உங்க அம்மாவுக்குத்தான்."

ஒன்றும் அறியாத பையனாக இருந்தால் என்ன சொல்லியிருப்பான்? 'போலீஸ் எதுக்கு அங்கிள்?' என்று பதறியிருப்பான் இல்லையா? நவீன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா அங்கிள்?"

ஸ்டெல்லாவைக் கணக்கில் சேர்க்காமல், இல்லை என்றேன். மறுநாள் அந்தச் செடிப் பைகள், மண் மூட்டையோடு எங்கள் வாசலில் இருந்தன. ஆன்ட்டி வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டான். அப்பாடா என்றிருந்தது. வற்றல் வேலையை ஸ்டெல்லா நிறுத்தினாள். பைகளை மாடியில் வரிசையாக வைத்து, அவள் பாட்டுக்கு ஏதோ விதை தூவினாள்.

போன வாரம் மாடிக்குப் போனேன். பைகளில் செடி முளைத்திருந்தது. குனிந்து பார்த்தால்... விரல் விரலாக இலை. படுபாவி, மண்ணோடு விதையையும் கலந்து கொடுத்துவிட்டானா? ஒன்று விடாமல் பிடுங்கி, பேப்பரில் சுருட்டி, சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு திரும்பினால், படியில் ஸ்டெல்லா.

"சட்டைக்குள்ள என்னங்க?"

காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள். "நான் ஆசையா போட்ட செண்டுமல்லிங்க அது."

சத்தம் கேட்டு நவீன் ரூமிலிருந்து எட்டிப் பார்த்தான். கசங்கிப்போன நாற்றுகளை ஒரு பார்வைதான் பார்த்தான்.

"செண்டுமல்லிதான் அங்கிள். அது இப்படி இருக்காது."

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் கீழே இறங்கிப் போனாள் — மறுபடியும் கூழ் கிண்ட.