பத்தொன்பது வேகத்தடைகள்

“உண்மையைச் சொல்லு. உங்க சித்தி இந்தக் காரை எனக்காக மாத்துனாளா, அந்த ட்ராக்குக்காக மாத்துனாளா?”

சித்தப்பா இதைக் கேட்டபோது கார் பிசியோதெரபி மையத்தின் வாசலில் நின்றிருந்தது. சக்கர நாற்காலி எடுத்துவர சித்தி உள்ளே போயிருந்தார். பின்னால் இருந்த குட்டி இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு, அவர் தோள்களை இரண்டு கையாலும் பிடித்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். அவர் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. கார்களின் சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்துக்கும் காருக்கும் நடுவே குலுக்கலைத் தாங்கும் பாகங்கள், மட்டும் பார்க்கும் ஒரு பட்டறையில் பதினாறு வருடமாக வேலை செய்கிறார். அங்கே அவருக்குப் ‘பத்தாம் நம்பர்’ என்று பெயர். பட்டறைகளில் முதலில் தொலைவது பத்தாம் நம்பர் ஸ்பேனர்தானாம். அதைப் பின்பாக்கெட்டில் போட்டு இத்தனை வருடம் தொலைக்காமல் வைத்திருக்கும் ஒரே ஆள் சித்தி. யாராவது இரவல் கேட்டால், “என் புருஷனை வேணா கூட்டிட்டுப் போ, இதைக் கேக்காத” என்பார்.

பட்டறையில் பெரும்பாலும் ரேஸ் கார்கள்தான் வரும். சனி, ஞாயிறுகளில் சித்தி ரேஸ் ட்ராக்குக்குப் போய்ப் புதியவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பார். சொந்தக் கார் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே விதி. அதற்காகவே இரண்டு கதவு உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி மாட்டியிருந்தார். அதில் உட்கார்ந்தால் ரோட்டில் கிடக்கும் கல்லைக்கூட எண்ணிச் சொல்லிவிடலாம். அவ்வளவு விறைப்பு.

சித்தப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுபவர். ஒருநாள் ஏணியிலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்தது. இடது கால் முழுக்கப் பட்டையும் கம்பியும் கட்டி நீட்டியே வைத்தார்கள். டாக்டர் சித்தியிடம் சுருக்கமாகச் சொன்னார்: “மூணு மாசம். வாரத்துல மூணு நாள் பயிற்சி. அதுக்குள்ள கால்ல எவ்வளவு திரும்பி வருதோ, அவ்வளவுதான்.”

நான் அப்போதுதான் பள்ளி முடித்து, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். “நடக்கறதுதான் நடக்கற, அங்க போய் நட” என்று அம்மா என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

முதல் நாள் வாடகைக் கார் அழைத்தோம். காலை நீட்ட இடமில்லாமல் குறுக்கே சாய்த்து உட்கார வைத்தோம். சித்தப்பா வலி தாங்காமல் பாதி வழியிலேயே இறக்கிவிடச் சொல்லிவிட்டார். காலை நேராக நீட்டிச் சாய்ந்து உட்கார முடிந்த ஒரே இருக்கை, சித்தியின் காரில்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கும் மையத்துக்கும் நடுவில் பத்தொன்பது வேகத்தடைகள். நான் எண்ணியிருக்கிறேன்.

அதனால் சித்தி ஒரு முடிவுக்கு வந்தார். ட்ராக்கிலும் ஓட வேண்டும், சித்தப்பாவையும் நோகாமல் கொண்டுபோக வேண்டும். அப்படி ஒரு சஸ்பென்ஷனைச் செய்துவிடுவது என்று இறங்கினார். பட்டறையில் நான்கு நாள் லீவு சொல்லிவிட்டு, அதே பட்டறையில் நான்கு நாளும் கிடந்தார். மென்மையான ஸ்பிரிங் போட்டார். திருகைத் திருப்பினால் இளகவும் இறுகவும் செய்கிற ஷாக் அப்சார்பர் போட்டார். சக்கரத்தைக் காரோடு பிணைக்கும் இரும்புக் கைகளுக்கு ஆர்ம் என்று பெயர். அவை சேரும் இடத்தில் ரேஸ் கார்களுக்கு உலோக மூட்டு இருக்கும். அது ரோட்டின் அதிர்ச்சியை அப்படியே உள்ளே கடத்தும். அவற்றையும் கழற்றிவிட்டு, புஷ் எனப்படும் ரப்பர் வளையங்களைப் போட்டார். அதிர்ச்சியை ரப்பர் விழுங்கிவிடும் என்பது கணக்கு.

பட்டறைப் பெயிண்டர் வந்து எட்டிப் பார்த்தார். “பத்தாம் நம்பரு, இது காரா, தொட்டிலா?”

“தொட்டில்தான். வந்து படு, ஆட்டி விடறேன்.”

“தாலாட்டு பாடுவியா?”

“உன் மூஞ்சிக்கு ஒப்பாரிதான் வரும்.”

அந்த வாரத்தில் சித்தி சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

முதல் பயணத்தில் மூன்றாவது வேகத்தடையிலேயே சித்தப்பா கதவுப்பிடியை இறுகப் பற்றினார். ஐந்தாவதில், “என்னம்மா இது, முன்னை விட மோசமா இருக்கு” என்றார். சித்தி வண்டியை ஓரம்கட்டி, இறங்கி, நான்கு சக்கரத்திலும் திருகைக் கடைசிவரை இளக்கினார். ஒன்றும் மாறவில்லை. மறுநாள் டயர்க் காற்றைக் குறைத்தார். அதற்கடுத்த நாள் இன்னும் மென்மையான ஸ்பிரிங் மாட்டினார். கார் அதே மாதிரிதான் குத்தியது. கணக்குப்படி இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காமல் இரண்டு விரற்கடை உயரமாக நின்றது. சித்தி ஒரு நோட்டில் எழுதுவார், அடிப்பார், மறுபடி எழுதுவார். சாப்பிடும்போதும் நோட்டு தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், ட்ராக்கில் எல்லோரும் அந்தக் காரைப் புகழ்ந்தார்கள். வளைவில் தண்டவாளம் போட்டது போலப் போகிறதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி அதை வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள்தான் மையத்தின் வாசலில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் வாயடைத்து இருந்ததையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். புதன்கிழமை கிளம்பச் சொன்னபோது, “நான் வரலை” என்றார்.

“இன்னைக்கு ஒரு நாள் வாங்க. மெதுவா ஓட்டறேன்.”

“மெதுவா குத்துனா வலிக்காதா? விடு. கால் வந்தா வருது, போனா போகுது.”

அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. பயிற்சியாளர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, சித்தி வீட்டிலேயே காலை நீவிவிட்டார். ஆனால் மையத்தில் இருக்கும், பிடித்து நடக்கும் இரட்டைக் கம்பியும் கருவிகளும் வீட்டில் எங்கே இருக்கின்றன? ஒரு வாரம் போனது, இரண்டு போனது. அதுவரை லேசாக அசைந்துகொண்டிருந்த கட்டைவிரல் ஒரு காலையில் அசையவில்லை. சித்தி அந்த விரலையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான்தான் ஓடிப்போய் அணைத்தேன்.

அன்று மதியம் சித்தி தன் இடது காலை ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டினார். காரில் சித்தப்பா உட்காரும் இடத்தில் அதே மாதிரி சாய்ந்து படுத்துக்கொண்டு, பெயிண்டரை ஓட்டச் சொன்னார்.

“பாக்கறவன் நான் உன்னைக் கடத்திட்டுப் போறேன்னு நினைப்பான்.”

“உன்னால ஒரு டப்பாவைக்கூடக் கடத்த முடியாது. ஓட்டுய்யா.”

பத்தொன்பதையும் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்கள். சித்தி பலகையை அவிழ்த்து ஓரமாக வைத்தார். “அவர் கொஞ்சம்கூடக் கூட்டிச் சொல்லலை” என்றார்.

மூன்று மாதத்தில் பாதி போய்விட்டது. சித்தி ட்ராக்குக்குப் போன் செய்து இனி வர முடியாது என்று சொல்லிவிட்டார். போட்டதையெல்லாம் பிடுங்கிவிடுவது என்று முடிவெடுத்து, அதே மாடலின் சாதாரண சஸ்பென்ஷனைப் பழைய இரும்புக் கடையில் தேடி எடுத்து வந்தார். அது ஆடி அசைந்து போனாலும் போகட்டும், அவர் ஏறினால் போதும் என்றார்.

அன்று பட்டறையில் காரைத் தூக்கும் லிஃப்டில் ஒரு வேன் நின்றிருந்தது. இறங்க நேரமாகும் என்றார்கள். சித்தியால் காத்திருக்க முடியவில்லை. காரை அப்படியே, தரையில் வெட்டியிருந்த வேலைக் குழியின் மேல் கொண்டுவந்து நிறுத்தினார். என்னை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குழிக்குள் இறங்கி ஆர்ம் போல்ட்டைத் தளர்த்தினார்.

டொப் என்று ஒரு சத்தம். என் பக்கத்து மூலை லேசாகக் கீழே இறங்கியது.

“பிரேக்கை விட்டியா?” என்று கீழிருந்து கத்தினார்.

“இல்ல சித்தி. கார்தான் உக்காந்துச்சு.”

பிறகு அடுத்த சக்கரத்தின் போல்ட். மறுபடியும் டொப். அந்த மூலையும் இறங்கியது. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். சித்தி, காருக்கு வெளியே நீண்டிருந்த குழியின் முனையில், இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அவர் எனக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரியே எழுதுகிறேன். ரேஸ் காரின் உலோக மூட்டு எந்தப் பக்கமும் சுழலும். ஆகவே காரைத் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிவிடலாம். ரப்பர் புஷ் அப்படியல்ல. உள்ளே போல்ட் போகும் குழாயையும் வெளியே ஆர்மையும் அது ஒட்டிப் பிடித்திருக்கும். தொங்கும்போது முறுக்கினால், காரை இறக்கியதும் பிழிந்த துணி மாதிரி ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு குழியிலும் மேட்டிலும் அந்த முறுக்கு காரை எதிர்த்துத் தள்ளும். திருகை எவ்வளவு இளக்கினாலும், எந்த ஸ்பிரிங்கை மாற்றினாலும் அது போகாது. ஒவ்வொரு முறை ஸ்பிரிங் மாற்றியபோதும் சித்தி காரைத் தூக்கித்தான் கழற்றினார், தொங்கவிட்டுத்தான் முறுக்கினார். குழியின் மேல், சக்கரம் தரையில் நிற்கும்போது போல்ட் தளர்ந்ததும், அந்த முறுக்கு விடுபட்டுத்தான் கார் உட்கார்ந்தது.

“பதினாறு வருஷம். கை தானா செஞ்சுடுச்சு” என்றார். “அவர் முதுகுக்குன்னு போட்ட ரப்பர்தான்டி அவர் முதுகை இடிச்சது.”

இரண்டு புஷ் ஏற்கெனவே கிழிந்திருந்தன. சாதாரண சஸ்பென்ஷனை ஓரமாக வைத்துவிட்டு, அவற்றைப் புதிதாகப் போட்டு, காரின் முழுப் பாரமும் சக்கரத்தில் இருக்கும்போது எல்லாப் போல்ட்டையும் முறுக்கினார். வீட்டுக்கு வந்து கையைக்கூடக் கழுவாமல் சித்தப்பாவின் கட்டிலருகே நின்றார்.

“தப்பு என்னோடது. உங்க முதுகு மேலயும் இல்ல, ட்ராக் மேலயும் இல்ல. நான்தான் தப்பா முறுக்கிட்டேன்.”

சித்தப்பா அவருடைய கிரீஸ் படிந்த கையைப் பார்த்தார். பிறகு, “பெயிண்டருக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியும். இந்நேரம் பாதிப் பேருக்குச் சொல்லியிருப்பான்.”

“அப்ப இது நிஜமாத்தான் இருக்கும். நீ பொய் சொன்னாலும், அதுக்காக அவன்கிட்ட அசிங்கப்பட மாட்டே.” கையை நீட்டினார். “தூக்கி விடு.”

போகும் வழியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதித் தூரத்துக்குப் பிறகு அவர் கதவுப்பிடியை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். சித்தி அதைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார், உதட்டைக் கடித்துக்கொண்டு.

மீதி நாட்களில் ஒன்றைக்கூட அவர்கள் தவறவிடவில்லை. முழங்கால் வந்தது. தொடையில் பலம் வந்தது. கட்டைவிரல் வரவில்லை. பாதம் இன்னமும் தொங்குகிறது. இழந்த வாரங்கள் இருந்திருந்தால் வந்திருக்குமா என்று சித்தி பயிற்சியாளரைக் கேட்டார். “சொல்ல முடியாதும்மா” என்றார் அவர். சித்தப்பா இப்போது கைத்தடியோடு நடக்கிறார், ஏணி ஏற முடியாது. சித்தி ட்ராக்குக்குத் திரும்பிப் போகவில்லை. கூப்பிட்டார்கள், “பாக்கலாம்” என்றார், அதோடு சரி.

தன் தவறைச் சித்தி பட்டறையில் யாரிடமும் மறைக்கவில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்களை நிறுத்தி வைத்துச் சொல்கிறார். நான் எழுதுவதும் அதனால்தான். எழுதட்டுமா என்று கேட்டபோது, “நல்லா விளங்கற மாதிரி எழுது” என்றார். உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது காருக்கு அடியில் படுத்து வேலை செய்பவர்களாக இருந்தால், அல்லது தன் காரைத் தானே மாற்றப்போகிறேன் என்று கிளம்பியிருந்தால், தயவுசெய்து இதை அவர்களிடம் சொல்லுங்கள். வாசிக்க நேரமில்லாதவர்களுக்கு வாயாலேயே சொல்லிவிடுங்கள்: ரப்பர் புஷ் போட்டால், காரைத் தரையில் நிற்க வைத்துவிட்டுக் கடைசியாக முறுக்குங்கள். அந்தக் காரில் யார் ஏறப்போகிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.