மந்தைமேட்டுக்குப் போட்ட பூட்டு

புயல் மழை என்றால் எனக்கு மழைமேல் கோபம் வருவதில்லை. என் மாமனார்மேல்தான் வருகிறது.

எங்கள் ஊர் ஆந்திர எல்லைக்குள், சத்தியவேடு பக்கம். ஊருக்கு மேற்கே மந்தைமேடு. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் ஏறாத ஒரே இடம் அதுதான். ஊர் மாடுகள் மேய்வதற்கென்று விட்ட புறம்போக்கு. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அங்கே மாடுகள் மேய்ந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பிறகு மாமனார் கொஞ்சம் கொஞ்சமாக மாங்கன்று நட்டார், முள்கம்பி இழுத்தார், கேட் வைத்துப் பூட்டும் போட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு எங்கள் வீட்டில்தான் கூலி வேலை.

அந்தக் கார்த்திகைப் புயலில் ஏரி நிரம்பி வழிந்து தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். எங்கள் மாடுகளை மட்டும் மேட்டில் கொண்டுபோய்க் கட்டியாயிற்று. ஊர் மாடுகள் கேட்டுக்கு வெளியே தண்ணீரில் நின்றன. எங்கள் தோப்பில் களையெடுக்கிற ஒருத்தி, நிறைசினையாக இருந்த தன் ஒற்றைப் பசுவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவளுக்கென்று இருந்ததே அந்தப் பசுதான்.

“ஐயா, நிக்க மாட்டாம நடுங்கிக்கினு கீதுய்யா. ஒரு ஓரமா கட்டிக்கிறேன்.”

“உன்னிய உட்டா எல்லாரையும் உடணும். பூக்கப் போற மரம். கொப்பெல்லாம் துன்னுட்டா நீ குடுப்பியா?” என்றார் மாமனார், குடைக்குள் நின்றுகொண்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நம்ம மாடு மட்டும்தான் மாடா? அவுங்களுது இன்னா மாமா, கல்லா?” என்றேன்.

“நீ போயி அடுப்பப் பாரு.”

அடுப்பாம்! மோட்டார் ரூமுக்குப் போய்க் கட்டிங் பிளேயரை எடுத்துவந்து கம்பியை வெட்டினேன். என் வீட்டுக்காரர் “ஏய், ஏய்” என்று கத்தினாரே தவிர கிட்டே வரவில்லை. மாடுகள் திமுதிமுவென்று ஏறின. அவள் பசு அன்று சாயங்காலமே மாமரத்தடியில் கன்று போட்டது.

தண்ணீர் வடிந்ததும் மண்டல ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி சேதம் பார்க்க வந்தார். மாமனார் அவரை மேட்டுக்கே கூட்டிப்போய், வாயில்லா ஜீவன்கள் பாவமென்று தன் சொந்த நிலத்தில் இடம் கொடுத்ததாகத் தெலுங்கில் கூசாமல் சொன்னார். எந்த வாயால் சொல்கிறார் மனுஷன்! அதிகாரியோ நெகிழ்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “சொந்த நெலமா? இது மந்தைப் புறம்போக்கு சார். யாரை வேணா கேளுங்க” என்று நானும் தெலுங்கிலேயே கத்தினேன்.

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். கன்றைத் தடவிக்கொண்டிருந்த அவளிடம், “நிஜமாம்மா?” என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள்.

“ஐயாவோட பூமிதான் சார்.”

அடிப்பாவி என்று என் வாய்வரை வந்தது. ஜீப் கிளம்பிப் போயிற்று. மாமனார் என்னைத் தாண்டி அவளிடம் போனார். “கம்பி இழுத்துக் கட்டணும். காலைல வந்துடு” என்றார்.

“சரிங்கய்யா” என்றாள்.