அண்ணனின் மோட்டாரும் என் வெள்ளப் படமும்

என் அண்ணனை எனக்குப் பிடிக்காது. அவனுக்கும் என்னைப் பிடிக்காது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், ரயில் பாதையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. கீழ்த்தளம் அவனுக்கு, மாடி அறையும் அதை ஒட்டிய சின்ன அடுக்களையும் எனக்கு என்று அப்பா உயிரோடு இருக்கும்போதே பிரித்துக் கொடுத்துவிட்டார். மணவாழ்க்கை முறிந்து நான் பெட்டியோடு வந்து இறங்கியபோது அண்ணன் வாசலில் நின்று, "எத்தற நாளைக்கு?" என்று மட்டும் கேட்டான். மாடியை வாடகைக்கு விடும் எண்ணம் அவனுக்கு. நான் கிளம்பினால்தான் அது நடக்கும்.

நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது என் வேலை. மற்ற நேரமெல்லாம் மாடியறையில் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்துப் படம் எடுப்பேன். குழந்தைகள் ஒன்றோடொன்று பொருத்தி வீடு கட்டுவார்களே, அதே கட்டைகள்தான். பொம்மை மனிதனின் காலை மயிரிழை நகர்த்த வேண்டும், ஒரு படம் எடுக்க வேண்டும், மறுபடி நகர்த்த வேண்டும். எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டினால் அவன் நடப்பான்.

குழந்தைகளுக்கான ஓர் இணைய சேனல் என்னிடம் ஒரு சிறு படம் கேட்டிருந்தது. அணை திறக்கிறார்கள், ஆறு ஏறுகிறது, ஒரு குடும்பம் கூரைமேல் ஏறிப் பிழைக்கிறது. நெய்யாறு அணை இருக்கும் கள்ளிக்காட்டுப் பக்கம் மழை வலுத்தால் இங்கே வாழைத்தோப்புகள் என்ன ஆகும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். உடனே ஒத்துக்கொண்டேன்.

கண்ணாடி போன்ற நீலக் கட்டைகளால் ஆற்றைக் கட்டினேன். பளபளப்பான பிளாஸ்டிக்கில் விளக்கும் தெரியும், என் முகமும் தெரியும். அதனால் கறுப்புச் சட்டைதான் போடுவேன். ஒரே ஒரு விளக்கை மேசையிலிருந்து நன்றாகத் தள்ளி, வெயில் சாய்ந்து விழுவதுபோல வைத்தேன். கிட்டே வைத்தால் நிழல்கள் விரிந்து, பார்த்தவுடனே பொம்மை என்று தெரிந்துவிடும். அதன் முன்னால் பட்டர் பேப்பர் கட்டி ஒளியை மென்மையாக்கினேன். ஒளி திரும்பி நிழலில் விழ, எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மோகோல் பலகை. கேமராவைப் பொம்மையின் கண் உயரத்துக்கு இறக்கினேன். மேலிருந்து பார்த்தால் அது விளையாட்டுச் சாமான். அதன் கண் உயரத்தில் பார்த்தால் ஆறு உண்மையிலேயே பயமுறுத்தும்.

முதல் காட்சியைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். படம் துடித்தது. வெளிச்சம் திடீரென்று மங்கும், மறுபடி ஏறும், மறுபடி மங்கும்.

தப்பு என்னுடையது என்றுதான் முதலில் நினைத்தேன். ஜன்னலில் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டி வெயிலை அடைத்தேன். கேமராவில் தானாக மாறும் எல்லாவற்றையும் நிறுத்தி, வெளிச்சம், நிறம், ஃபோகஸ் எல்லாம் கையால் பூட்டினேன். அப்படியும் துடித்தது. பிறகு ஒருநாள் காலையில் எடுத்துக்கொண்டிருந்தபோது கீழே கிணற்று மோட்டார் உறுமியது. என் கண்முன்னால் விளக்கு சோர்ந்தது. மோட்டார் நின்றது, விளக்கு தெளிந்தது. சற்று நேரத்தில் மறுபடி உறுமியது.

கீழே இறங்கிப் போனேன். தொட்டி நிரம்பி வழிந்து முற்றமெல்லாம் தண்ணீர். அண்ணன் சுவிட்சின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, தொட்டி நெறஞ்சாச்சு. மோட்டார நிறுத்துங்க. மேல வெளிச்சம் நிக்க மாட்டேங்குது."

"எட்டி, இது எனக்க மோட்டாராக்கும். எனக்குத் தோணும்போ போடுவேன்."

"நான் வேல செய்யுகேன்."

"வேலையா? கெட்டினவன விட்டிட்டு வந்து பொம்ம வெச்சுக் களிக்கிற. அதுக்குப் பேரு வேலையா?"

அடுக்களை வாசலில் மயினி, அதாவது அண்ணன் மனைவி, தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுந்து சுவிட்சை அணைத்து, மறுபடி போட்டான். அந்தச் சிரிப்பை நான் மறக்கப் போவதில்லை.

சண்டை போடாமல் மேலே ஏறினேன். அந்த வாரமே ஒரு பெரிய பேட்டரி வாங்கினேன். விளக்கு, கேமரா, கணினி எல்லாம் அதிலிருந்து ஓடும்படி செய்தேன். மோட்டார் எத்தனை முறை உறுமினாலும் என் ஆற்றின்மேல் விழுந்த வெயில் அசையவில்லை.

அதுவும் அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முற்பகல், வெள்ளம் கூரையைத் தொடும் காட்சி. நீலக் கட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. டிரில்லிங் மெஷின். மேசை ஆடியது, கேமரா ஸ்டாண்டு நகர்ந்தது, பொம்மை வீட்டின் கூரை சரிந்தது. கூரைமேல் நின்ற தாயும் பிள்ளையும் கட்டைகளுக்குள் விழுந்தார்கள். வாரக்கணக்கான வேலை.

கீழே ஓடினேன். கூலிக்கு வந்த ஒருவர் ஏணியில் நின்று கூரையைத் துளைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அண்ணாந்து பார்த்து இடம் காட்டிக்கொண்டிருந்தான். ஊஞ்சல் கொக்கியாம். அந்த வீட்டில் ஊஞ்சல் ஆட யாருமில்லை.

"எனக்க செட்டு முழுக்கப் போச்சு!"

"எனக்க வீட்டுக் கூரையில ஆணி அடிக்க உன்கிட்ட கேக்கணுமோ?"

"உனக்குக் கூரை. எனக்குத் தரை."

அன்றுதான் முதல்முறையாக அவனை 'நீ' என்றேன். பிறந்ததிலிருந்து 'நீங்க' என்று பழகிய வாய்.

"என்ன சொன்ன? நீயா?"

"ஓ, நீதான். உனக்க மனசுல என்ன உண்டுன்னு எனக்குத் தெரியும். நான் இஞ்சயிருந்து போகமாட்டேன். என்ன வேணும்னாலும் துளச்சிக்கோ."

ஏணியில் நின்றவர் மெஷினை அணைத்துவிட்டு, "சாரே, ஞான் பின்னெ வராம்" என்று பிறகு வருவதாகச் சொல்லி இறங்கிவிட்டார். அண்ணனின் முகம் சிவந்து போயிருந்தது. அவன் கை ஓங்குவான் என்றே நினைத்தேன். ஓங்கட்டும் என்றுதான் நின்றேன். அவன் ஏணியைத் தள்ளி விழவைத்துவிட்டு வெளியே போனான்.

கோபத்தோடு கட்டையை மயிரிழை நகர்த்த வராது. இரண்டு நாள் எதையும் தொடவில்லை. பிறகு மேசையின் கால்களுக்குக் கீழே ரப்பர் துண்டுகள் வைத்தேன். ஸ்டாண்டைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, கேமராவை அதே மேசையிலேயே திருகி இறுக்கினேன். ஆற்றையும் மேசையோடு ஒட்டினேன். இனி ஆடினால் கேமராவும் ஆறும் சேர்ந்து ஆடும், படத்தில் தெரியாது. கணினியில் கேமரா காட்டும் காட்சியின்மேல் முந்தைய படத்தை மங்கலாகப் படரவிட்டு, அதன் கோட்டோடு பொருந்தும்வரை வீட்டை மறுபடி கட்டினேன். தாயையும் பிள்ளையையும் பழைய இடத்தில் நிறுத்தினேன்.

கடைசியாக அவன் செய்தது, மாடிக்கு வரும் மின்சாரத்தை மெயினில் அணைத்தது. எனக்கு அது தெரியவே இல்லை. காற்றில் பொம்மை ஆடும் என்று மின்விசிறியைப் போடுவதே இல்லை. வேர்த்து ஒழுகிக்கொண்டு எடுத்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் கழித்து அவன் படியேறி வந்து கதவைத் தள்ளினான். இருட்டறைக்குள் ஆறு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

"கரண்டு இல்லியே," என்றான்.

"கதவச் சாத்து. வெளிச்சம் உள்ள வருகு."

சாத்தினான். அந்த ஒரு விநாடி எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

படம் வெளிவந்தது. பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். டீக்கடையில் யாரோ அண்ணனிடம் பாராட்டிப் பேச, "எனக்க தங்கச்சியாக்கும்" என்றானாம்.

சில மாதங்கள் கழித்து மயினி மேலே வந்தாள். அண்ணன் டைல்ஸ் கடை திறக்கப் போகிறானாம். விளம்பரத்துக்குக் கட்டைகளால் ஒரு படம் வேண்டுமாம்.

"அவரு நேரா வந்து கேக்க மாட்டாரு மக்கா. உனக்குத் தெரியுமில்லா."

"தெரியும் மயினி. செய்ய மாட்டேன்னு சொல்லுங்க."

"கூடப் பொறந்தவனில்லியா?"

"அதனாலதான் மாட்டேன்."

அவள் உடனே போகவில்லை. மேசைமேல் அப்போது ஒரு சந்தையைக் கட்டி வைத்திருந்தேன். கேமராவைக் காட்டி, "நான் இதுல ஒருக்கப் பாக்கட்டா?" என்றாள்.

"பாருங்க. எதையும் தொடப்பிடாது."

குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். நிமிரும்போது எதையோ சொல்ல வாயெடுத்தாள். கீழேயிருந்து அண்ணன் அவளைக் கூப்பிட்டான். இரண்டாவது முறை கூப்பிட்டபோது குரல் உயர்ந்திருந்தது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக, படியிறங்கிப் போனாள்.