டெல்மரின் சூடாகாத என்ஜின்

டெக்ஸாஸில் டிராக்டர் ரிப்பேர் பார்க்கும் கிளேட்டனுக்கு டெல்மரின் முகத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக் கொட்டகையில் தானே கட்டிய விமானத்தில், பழைய காரின் ரோட்டரி என்ஜினைப் பூட்டிப் பறக்கிறவன் கிளேட்டன். என்ஜின் கொஞ்சம் சூடாகிறது என்று, சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் சனிக்கிழமைக் கூட்டத்தில் வாயை விட்டதுதான் தப்பு.

"மூக்குல காத்து நுழையுற ஓட்டையப் பெருசா வெட்டுடா" என்றான் அதே கூட்டத்து டெல்மர்.

கிளேட்டனும் வெட்டினான். உள்ளே போன காற்று வெளியேற வழியில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. ரேடியேட்டர் கொதித்துப் பொங்க, பருத்திக் காட்டில் விமானத்தை இறக்கிவிட்டு, சட்டையெல்லாம் பஞ்சு ஒட்ட நடந்தே வந்து சேர்ந்தான்.

விமானங்களை நிறுத்தும் ஹேங்கரில், சுட்ட மாட்டிறைச்சியை மென்றபடியே டெல்மர் கேட்டான்: "நான் சொன்ன அளவுக்கு வெட்டலையா? என் என்ஜின் ஒருநாளும் சூடானதில்லையே!"

பக்கத்தில் பளபளவென்று நின்ற டெல்மரின் விமானத்துக்குள் கிளேட்டன் குனிந்து பார்த்தான். ரேடியேட்டர் முழுக்க மண் அப்பியிருந்தது.

"எப்படிடா சூடாகும்? குளவி கூடு கட்டிக் குடும்பமே நடத்துது. நீ பறக்கமாட்டேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியலையே, தூ!"