சில நாள் உப்புக் கூடும்

சபுரா அக்காவின் எண்ணிலிருந்து போன் வந்தபோது நான் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் எப்போது பேசினாலும் குரலை மாற்றிக்கொண்டு, "ஹலோ, உலகப் புகழ் முத்தம்மா மெஸ்ஸா? அமெரிக்காவுல இருந்து பேசுறோம், நாப்பது இட்லி வேணும்" என்பார். அன்றைக்கு நான் முந்திக்கொண்டேன். "என்ன அம்மணி, அமெரிக்காவுல இட்லி தீந்துபோச்சா?" மறுமுனையில் அவர் மகள் பாத்திமா அழுதாள். "சின்னம்மா, உம்மா விடியக்காலை சுபுஹு தொழுதுட்டு உக்காந்தாங்க. எந்திரிக்கவே இல்ல." கேலி பேசிய வாயை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

தேவிபட்டினம் பஸ் நிற்கும் இடத்தில் அவர் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கடலுக்குள் நவக்கிரகக் கல் நிற்கும் நவபாஷாணத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்கள், "இங்கே எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும்?" என்று முதலில் அவரிடம்தான் கேட்பார்கள். எதிரிலேயே என் மெஸ். அப்படியும் ஒரு நாள் ஒரு வேன் கூட்டத்தை அவர் செல்லையா அண்ணன் சாப்பாட்டுக் கடைக்கு அனுப்பியதைப் பார்த்துவிட்டேன். கரண்டியோடு போய் நின்றேன்.

"எக்கா, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நல்லாத்தான்த்தா இருக்க. ஒஞ் சாம்பாருலதான் இன்னைக்கி உப்பு கூட. நாளைக்கிச் சரியா வையி, ஒன்னையக் கை காட்டுறேன்."

அத்தனை வருசத்தில் என் கடையில் ஒரு வடைகூட ஓசியில் தின்றதில்லை. வற்புறுத்தினால், "ஓசியில தின்ன கை நேரா நீளாதுத்தா" என்பார்.

பூத்துக்கு ஆள் வருவது குறைந்ததும் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கினார். அந்த வருசம் ஆடி அமாவாசைக்குப் பிறகு என் மெஸ்ஸில் ஆள் குறைந்தது. வேன்கள் வந்தன, ஆட்கள் குளித்தார்கள், ஈரம் காயுமுன் ஏறிப் போய்விட்டார்கள். ஏன் என்று அக்காதான் கண்டுபிடித்தார். தேடுபொறியில் ஊர்ப்பெயரை அடித்தால் முதலில் வருவது யாரோ ஒரு வெளியூர்ச் சுற்றுலாத் தரகரின் இணையப் பக்கம். அதில், தேவிபட்டினத்தில் சாப்பிட வசதியில்லை, எங்களிடமே முன்பதிவு செய்துகொள்ளுங்கள் என்று போட்டிருந்தது.

"இவன் நம்ம ஊருக்கு வந்திருக்கானாக்கா?"

"கடலையே பாத்திருக்க மாட்டான்."

"பெறகு எப்பிடி மொத ஆளா நிக்கிறான்?"

"நான் பூத்துல ஒக்காந்து கை காட்டுனேன்ல, அது மாதிரி ஒவ்வொரு பக்கமும் இன்னொரு பக்கத்தக் கை காட்டும். யார எத்தனை கை காட்டுது, அந்தக் கைய எத்தனை பேரு நம்புறாகன்னு மிஷின் எண்ணிப் பாக்குது. இவன் பத்துப் பக்கத்த இவனே செஞ்சு, பத்தையும் தன்னையே காட்ட வச்சிருக்கான்."

"அநியாயம்ல?"

"அநியாயந்தான். அதுக்குக் கையி தெரியுது, யாரு கையின்னு இன்னும் சரியாத் தெரியல. போகப் போகத் தெரிஞ்சுக்கிரும்."

தை அமாவாசைக்குள் வேன் நிற்காவிட்டால் மெஸ்ஸைப் பூட்டிவிட்டு, திருவாடானைப் பக்கம் என் அண்ணன் கொல்லையில் மிளகாய் பறிக்கப் போகிறேன் என்றேன். நான் விளையாட்டுக்குப் பேசாத பேச்சு அது ஒன்றுதான் என்று அக்காவுக்குத் தெரியும். அன்றே மெஸ்ஸுக்கு ஒரு பக்கம் செய்யத் தொடங்கினார். அது வந்த நாளில் "முத்தம்மா மெஸ்" என்று அடிக்கச் சொன்னேன். முதலில் வந்தது! தெருவுக்கே கேசரி கொடுத்தேன். அக்கா கேசரியைத் தொடவில்லை. "ஒம் பேரு தெரிஞ்சவன் ஏந்த்தா தேடுறான்? தெரியாதவன் தேடுறப்ப நீ வரணும்."

எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஒரே வாரத்தில் மேலே ஏற்றித் தருகிறேன் என்று ராமநாதபுரத்தில் ஒருவர் சொன்னார். அக்காவுக்குத் தெரியாமல் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டேன். ஏறியது. பத்து நாள் தரகருக்கும் மேலே நின்று, தெருவில் நடந்த நடை இருக்கிறதே, செல்லையா அண்ணனைக் கேளுங்கள். பதினோராம் நாள் என் பெயரையே அடித்தாலும் நான் இல்லை. அக்கா என் பக்கத்தின் அடியில், ஒன்றுமில்லாத வெள்ளையில் மவுஸை இழுத்தார். நீலம் பரவிய இடமெல்லாம் எழுத்து! வெள்ளை மேல் வெள்ளையாக, "தேவிபட்டினம் இட்லி, தேவிபட்டினம் இட்லி" என்று வரிவரியாக. மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் மிஷினுக்கு மட்டும் தெரிகிற மாதிரி அந்த ஆள் எழுதி வைத்திருந்தார். அதைக் கண்டுபிடித்துத்தான் தேடுபொறிக் கம்பெனிக்காரர்கள் என்னைத் தூக்கி வெளியே போட்டிருந்தார்கள்.

இரண்டு நாள் அமெரிக்காவிலிருந்து போன் வரவில்லை. மூன்றாம் நாள் அக்காவே வந்தார். "சாம்பாருல உப்பு கூடுனாத் தண்ணிய ஊத்தலாம். இதுக்கு என்னத்தத்தா ஊத்துறது?" பிறகு அதையெல்லாம் அழித்து, நடந்ததை மறைக்காமல் எழுதி, அந்தக் கம்பெனிக்கு மன்னிப்புக் கேட்டு அனுப்பினார்.

"மிஷினுகிட்டயா மன்னிப்பு?"

"மிஷினுக்குப் பின்னால மனுசன்தானத்தா இருக்கான்."

சில வாரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இந்தத் தடவை அக்கா என் பக்கத்தை ஊருக்கே உரிய பக்கமாக மாற்றினார். கடல் நீர் எப்போது ஏறும், பெண்கள் உடை மாற்ற எங்கே மறைவு இருக்கிறது, எந்தக் கடையில் எது ருசி என்று எல்லாம் அதில் இருந்தது. செல்லையா அண்ணன் கடை எனக்கு மேலே! அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் பெயருக்குக் கீழே, "சாம்பார் ருசியாக இருக்கும். சில நாள் உப்புக் கூடும். சொன்னால் மாற்றித் தருவார்" என்று எழுதியிருந்தார்.

"எக்கா, இத எடுத்துருங்க. ஒங்க கால்ல விழுறேன்."

"அல்லா பொதுவா, நெசத்தச் சொல்லு. பொய்யா?"

"பொய்யில்ல."

"அப்ப இருக்கட்டும்."

மெயில் பார்க்க வருகிற யாத்திரைக்காரர்களிடம், "நல்லதோ கெட்டதோ, கண்டத எழுதுங்க" என்று சொல்லி அனுப்புவார். புனேயிலிருந்து வந்த ஒரு ரிட்டையர்டு ஆள் தன் யாத்திரையைப் பற்றி எழுதி, அக்காவின் பக்கத்தைக் கை காட்டினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் காட்டினார்கள்.

தை அமாவாசை விடியலில் ஒரு வேன் நின்றது. இறங்கியவர் கையில் அந்தப் பக்கத்தை அச்செடுத்த தாள். "உப்பு அம்மா நீங்கதானா?" என்று சிரித்தார். "எல்லாத்துலயும் சிறந்த உணவு, உயர்ந்த உணவுன்னே போட்டிருக்கு. இதுல மட்டும்தான் ஒரு குறையும் சொல்லியிருந்தது. நம்பி வந்தோம்." மெஸ்ஸைப் பூட்டவில்லை. தரகர் இன்றும் முதலில்தான் நிற்கிறார்; நாங்கள் நாலாவது. நான் முணுமுணுத்தால் அக்கா, "நாப்பதுல கெடந்தோம், நாலுக்கு வந்துட்டோம். ஏறிக்கிட்டுத்தான்த்தா இருக்கோம்" என்பார்.

அக்காவின் அடக்கம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்தேன். யோசனை எங்கோ இருந்ததில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு வேன். தாளும் கையுமாக ஒருவர், "முத்தம்மா மெஸ் இதானே?" என்றார்.

"இதான். ஆனா இன்னைக்கி உப்புக் கூடிருச்சு. அந்தா தெரியுது பாருங்க செல்லையா அண்ணன் கடை, அங்கன போங்க. நாளைக்கிச் சரியா வச்சிருப்பேன்."

சொல்லி முடித்த பிறகுதான் நீட்டியிருந்த கையைப் பார்த்தேன். என் கைதான். நீட்டிய விதம் அக்காவுடையது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.

பிரவுசிங் சென்டர் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் பாத்திமா. இனி அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் அவள்தான். கிட்டே வந்து, "சின்னம்மா, அந்த உப்பு வரிய வேணும்னா எடுத்துறவா?" என்று கேட்டாள்.

"பொய்யாத்தா அது?"

"இல்ல."

"அப்ப இருக்கட்டும்" என்றேன்.