முழங்கால் நகருக்கு ஒரு முழக்கம்

எங்கள் காலனிக்கு ஒரு மகானின் பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொன்னால் தாம்பரம் ஸ்டேஷனில் எந்த ஆட்டோக்காரருக்கும் புரியாது. "முழங்கால் நகர்" என்றால் உடனே மீட்டர் போடாமல் கிளம்பிவிடுவார். ஐப்பசி மழைக்கு அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்து முழங்கால் அளவுக்கு நின்றுவிட்டுப் போவதால் அவர்கள் வைத்த பெயர் அது. ஒருமுறை இடுப்பு வரை ஏறியது. அப்போதும் பெரிய மனது பண்ணி, பெயரை உயர்த்தாமல் விட்டார்கள்.

அந்த வீட்டை விற்றுவிட்டுப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்ன, வெறி. புயல் என்று டிவியில் சொன்னாலே கிரைண்டரையும் அரிசி மூட்டையையும் மாடிக்குத் தூக்கித் தூக்கி என் முதுகு போய்விட்டது. மாடம்பாக்கத்தில் மேடான இடத்தில் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருந்தேன். எங்கள் வீடு விலை போனால்தான் அது. பார்க்க வந்தவர்களோ ஆட்டோவில் பெயரைக் கேட்டதுமே பாதி மனசோடுதான் இறங்கினார்கள். மீதிப் பாதியிடம் என் கணவர், "ஒரு சொட்டு வராது சார்" என்று சத்தியம் செய்வார். அதோடு அதுவும் போய்விடும்.

அவர் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். எந்தக் கோளாறுக்கும் ஒரு வாசகம் எழுதி ஒட்டினால் போதும் என்று நம்புகிறவர். குளியலறையில் 'துளித்துளியாய்ச் சேமிப்போம்' என்று ஒட்டியிருக்கிறார். அதற்குக் கீழே குழாய் இன்னமும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. தெருமுனையில் ஒரு வளைவு கட்டி, சரியான பெயரையும் ஒரு நல்ல முழக்கத்தையும் எழுதிவிட்டால் பழைய பெயர் தானாக மறைந்துவிடும் என்றார். அதற்குப் பதில் ஒரு வடிகால் கட்டலாமே என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கூட்டம் எங்கள் ஹாலில்தான் நடந்தது. 'ஒற்றுமையே உயர்வு' என்று ஆரம்பித்தார் ஒருவர். ஒரே தெருவில் பொங்கல் விழாவுக்கு இரண்டு பந்தல் போட்ட வருடம் அது. அவரே வெட்கப்பட்டு வாபஸ் வாங்கினார். 'பசுமை நகரம்' என்றார் இன்னொருவர். சுவரில் படிகிற பாசியையா சொல்கிறீர்கள் என்று நான் கேட்டேன். அதுவும் போனது. கடைசியில் என் கணவர் எழுந்து, "வாய்மையே வெல்லும்" என்றார். அரசாங்கமே வைத்துக்கொண்டது, இதை யார் மறுக்க முடியும் என்றார்.

மறுத்தார்கள். டெல்லிச் சிங்கங்களுக்குக் கீழே வடமொழியில் இருப்பதைத் தமிழாக்கி நம் அரசு முத்திரைக் கோபுரத்துக்குக் கீழே வைத்துக்கொண்டோம், அது இரவல் சரக்கு என்றார் ஒரு வங்கிக்காரர். "தமிழ்ல சொல்லிட்டா நம்மளுதுதான் சார்" என்றார் என் கணவர். பேச்சு அப்படியே கோபுரத்துக்குத் தாவியது. அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்றார் ஒருவர். மதுரைக்காரர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அது மதுரை இல்லை என்றால் தான் சங்கத்திலேயே இல்லை என்றார். இரண்டு பேரையும் சமாதானப்படுத்த, கோபுரத்தையும் வளைவில் வரைந்துவிடுவது என்று முடிவானது. பெயின்டர் நல்ல மனிதர். எந்த ஊர்க் கோபுரம் என்று யாருமே சொல்ல முடியாதபடி வரைந்து கொடுத்தார்.

வளைவு திறந்த சில நாளில் ஒரு அம்மாள் மனுவும் கையுமாக எங்கள் கேட்டில் நின்றார். "சார் கீறாரா? பட்டா மாத்தணும்." கோபுரத்தையும் வாசகத்தையும் பார்த்துத் தாலுகா ஆபீஸ் என்று நினைத்து விசாரிக்க, யாரோ செயலாளர் வீட்டைக் காட்டிவிட்டார்கள். என் கணவர் அவரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டுமா இல்லையா? உட்காரவைத்து, மனுவில் இருந்த பிழைகளைத் திருத்தி, எந்த ஆபீசுக்குப் போக வேண்டும் என்று வழி சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் அந்த அம்மாள் சொல்லி இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

ஒருநாள் ஸ்டேஷனில் ஆட்டோ பிடித்தேன். "டூப்பு தாலுகாதானே அக்கா? ஏறுங்க" என்றார் டிரைவர்.

"முழங்கால் நகர்னு சொல்லுவீங்களே?"

"அதான் நீங்களே போர்டை மாத்திக்கினீங்களே."

அந்த மாதக் கடைசியில், அதே அடையாற்றங்கரையில் இருக்கும் அனகாபுத்தூரிலிருந்து ஒரு டைல்ஸ் கடைக்காரரும் அவர் மனைவியும் வீடு பார்க்க வந்தார்கள். அந்தப் பெண் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார், "அக்கா, தண்ணி எம்மாம் வரும்?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். ஆற்றங்கரைக்காரர்களிடம் அவர் ஜம்பம் பலிக்காது என்று புரிந்துவிட்டது போலிருக்கிறது. "முழங்கால் வரும்மா. ஒரு தடவை இடுப்பு வந்துது" என்றார்.

மாடம்பாக்கத்து ஃபிளாட் போயே போச்சு என்று நினைத்தேன்.

"அவ்ளோதானா? எங்க வூட்ல கழுத்து மட்டும் வந்துச்சு" என்று அந்தப் பெண் சிரித்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், மாடி ஏறினார், பூஜை அறையில் விழுந்து கும்பிட்டார். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் தருகிறோம் என்றார் கடைக்காரர். நான் மனசுக்குள் மாடம்பாக்கத்துச் சமையலறையில் கிரைண்டரை எங்கே வைப்பது என்பது வரை போய்விட்டேன்.

கேட்டைத் திறக்கும்போது கடைக்காரர் சும்மா கேட்பதுபோலக் கேட்டார். "வளைவுல கவர்மென்ட் கோபுரம் போட்டிருக்கீங்களே சார், பர்மிஷன் வாங்கினீங்களா?"

"சேச்சே, அது நாங்களா வரைஞ்சுக்கிட்டது" என்றார் என் கணவர், பெருமையாகவே.

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆட்டோக்காரன் சொன்னப்ப நம்பல" என்றார் அந்தப் பெண். "தண்ணி வந்தா வடிஞ்சு பூடும் அக்கா. தெருமுனையிலயே கவர்மென்ட் முத்திரைய டூப்பா போட்டுக்கினவங்க பத்திரத்துல இன்னா போட்டு வெச்சிருக்காங்களோ. அந்த பேஜாரு நமக்கு வேணாம்."

என் கணவர் உள்ளே ஓடிப்போய்ப் பீரோவிலிருந்து பத்திரங்களை அள்ளிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனார். "எல்லாம் ஒரிஜினல்மா! தாய்ப்பத்திரத்தைப் பாருங்க! வக்கீல்கிட்ட காட்டிக்குங்க!" ஆட்டோ நிற்கவில்லை.

அங்கேயே வைத்து நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டும் என்றுதான் நானும் தெருமுனைக்குப் போனேன். வளைவுக்குக் கீழே, சட்டைப் பொத்தான்கூடப் போடாமல், பத்திரங்களை நெஞ்சோடு அணைத்தபடி வேர்த்து நின்றார்.

"இவங்ககிட்ட மட்டுந்தான் எல்லாத்தையும் நிஜமா சொன்னேன்" என்றார்.

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. "வாங்க, மாடியிலேயே ஒரு சமையல் மேடை கட்டிடலாம்" என்றேன்.